ஆள் இருந்தா சொல்லுங்க

அன்புள்ள ஐயா,

முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமூகக் குழுக்களிடையே ஏற்றத்தாழ்வு நீடிக்கப் பண்பாடு காரணமா, அமைப்பு காரணமா? தேர்வில் டேவிஸ்–மூர், மார்க்ஸ், வெபர் என்று யாரை முதலில் எழுதுவது? அறைத்தோழர்கள், "இப்ப கம்பெனில யாரும் ஜாதி பார்க்கிறதில்ல, திறமைதான்" என்கிறார்கள். நல்ல பையன்கள்தான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

வரிசையை உங்கள் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் 1945இல் சொன்னது, முக்கியமான வேலைக்குக் கூடுதல் வெகுமதி வேண்டும் என்பது. ஒரே தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கீழ்வேலையிலேயே ஏன் நிற்கிறார்கள் என்பதை அது தொடவே இல்லை. ஒரு பத்தி போதும். பண்பாடுதான் காரணம் என்று எழுதினால், எந்த வழக்கம் எந்த வாசலில் யாரைத் தடுத்தது என்று காட்டுங்கள். காட்டாமல் எழுதுவது வெறும் பழி.

'யாரும் பார்க்கிறதில்ல' என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சில நாட்களாக இதே யோசனை.

பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தீர்களா? ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம். நேர்காணலுக்கோ தேர்வுக்கோ அழைப்பு வந்ததா என்று குறித்தார்கள். உயர்சாதிப் பெயரை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இவை சாத்திய விகிதங்கள் (odds ratio): அழைப்பு வந்ததை வராததால் வகுத்து, அதை உயர்சாதிப் பெயருக்கான கணக்கோடு ஒப்பிடுவது. 'நூற்றுக்கு 67 பேருக்கு அழைப்பு வந்தது' என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள்.

இதை அப்படியே தமிழ்நாட்டில் செய்தால் சொதப்பும். நம் பெயர்களில் பெரும்பாலும் சாதி ஒட்டு கிடையாது. முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். இங்கே சாதி தெரிவது பயோடேட்டாவின் 'நிரந்தர முகவரி' வரியில். ஒரே ஊர், ஒரே பின்கோடு. ஒருவருக்குப் பெரிய தெரு, மற்றவருக்குக் காலனித் தெரு. 'காலனி' என்ற அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்ததே, அதன் கனம் அது. முகவரியை வைத்துச் சோதிப்பதென்றால் எழுத்துருவும் வாக்கியமும் இரண்டு பயோடேட்டாவில் வேறு வேறாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிடித்துவிடுவார்கள். எந்த முகவரி எந்தப் படிவத்துக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சோதனை பிடிப்பது விளம்பரம் வந்த வேலையை மட்டும். விளம்பரமே வராத வேலையை என்ன செய்வது? "ஆள் இருந்தா சொல்லுங்க" என்று முதலாளி சொல்வார், வேலை செய்பவர் தன் மச்சானைக் கூட்டி வருவார். 100 பேர் உள்ள பட்டறையில் 90 பேர் ஒரு குழு, 10 பேர் இன்னொரு குழு என்று வையுங்கள். வருடம் 10 பேர் விலகுகிறார்கள்: அங்கே 9, இங்கே 1. விலகுகிறவர் தன் சொந்தத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போனால் முப்பது வருடம் கழித்தும் கணக்கு 90க்கு 10தான். இதில் யார் யாரை வெறுத்தார்? அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி இதைத்தான் வாய்ப்புப் பதுக்கல் என்றார். உங்கள் அறைத்தோழர்கள் மனசைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்களும் மனசுக்குள்ளேயே பதில் தேடுகிறீர்கள். இரண்டு வருடம் சமூகவியல் படித்தவர் செய்கிற காரியமா இது? செய்தி எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள் தம்பி. அரசு வேலைக்கு அறிவிக்கை வரும், கடைசித் தேதி இருக்கும், காலனித் தெருப் பையனும் படித்துவிடுவான். பட்டறைக்கு அறிவிக்கை ஏது? இடஒதுக்கீடும் அங்கே கிடையாது.

பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே ஒரு பட்டறைக்குப் போங்கள். ஒவ்வொருவரிடமும், "இங்க வேலை காலியா இருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?" என்று கேட்டு, சொன்னவரின் ஊரையும் உறவையும் எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு ஃப்ரெண்டு' என்றால் விடாதீர்கள், எந்த ஊர் ஃப்ரெண்டு என்று கேளுங்கள். சாதியைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் உங்கள் அறைத்தோழர்கள் சொன்ன பதிலையே அவர்களும் சொல்வார்கள்.