பெரிய பிலிம் கமரா உங்களுக்குத் தேவையா?

உப்புவெளி வாசகர்: கல்யாணப் படங்களுக்கு 4×5 அங்குலத் தாள் பிலிம் போடும் பெரிய கமரா சரிவருமா?

வராது. பிலிம் தாளைச் செருகும் ஹோல்டர் ஒன்றில் இரண்டே தாள்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் உருவத்தை ஃபோகஸ் செய்வதற்குள் தாலி ஏறிவிடும்.

கிண்ணியா வாசகர்: 35 மி.மீ. பிலிமைவிட எவ்வளவு பெரிது?

பரப்பில் ஏறக்குறைய 15 மடங்கு. ஃபோனில் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் அத்தனையும் வீண். மூன்று நாலு அடிக்குப் பெருப்பித்துச் சுவரில் மாட்டுவீர்கள் என்றால் வாங்குங்கள்.

திருகோணமலை நகர வாசகர்: பத்திரகாளி அம்மன் கோபுரத்தை எடுத்தால் பின்னால் சாய்ந்தாற்போல் விழுகிறது.

கமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். இந்த வேலைக்குப் பெரிய கமராதான் வேண்டும். பிலிம் இருக்கும் பின்சட்டத்தை நேர்குத்தாக நிறுத்தி, லென்ஸ் இருக்கும் முன்சட்டத்தை மட்டும் உயர்த்துங்கள். லென்ஸ் பிலிமில் விழுத்தும் ஒளிவட்டம் சிறிதென்றால் மூலைகள் இருண்டுவிடும். வாங்கும்போதே கேளுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: பழைய கமரா ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். நல்லதா?

வாங்கிய பிறகு கேட்கிறீர்கள்! என்ன அளவு, என்ன லென்ஸ் என்றுகூட எழுதவில்லை. இப்படி மாதம் ஒரு கடிதமாவது வருகிறது, எனக்கு மனம் கொதிக்கிறது. கண்ணாடித் தகடு போட்ட காலத்துக் கமராவென்றால் இன்றைய ஹோல்டர் அதில் பொருந்தாமலும் போகலாம். சரி, இப்போதாவது பாருங்கள். இருட்டறையில், இரு சட்டங்களையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெலோஸுக்குள் டோர்ச் அடித்து, மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து கவனியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பிலிம் கெட்டுவிடும். நான் அப்படி எட்டுத் தாள்களை இழந்தேன், ராவணன் வெட்டில் ஒரு விடியற்காலை முழுவதும் போயிற்று. அப்புறம் லென்ஸுக்குள்ளும் டோர்ச் அடியுங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சணம். ஷட்டரை ஒரு செக்கனில் வைத்து அழுத்துங்கள். பழைய ஷட்டர் பெரும்பாலும் அங்கேதான் இழுபடும். நம் ஊர்க் கடல்காற்றில் எதையும் தோல்பையில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இரண்டும் கட்டாயம்.

நிலாவெளி வாசகர்: வீட்டிலேயே பிலிம் கழுவலாமா?

கழுவலாம். மருந்து வழக்கமாக 20 பாகை கேட்கும். நம் குழாய்த் தண்ணீரோ 30ஐ நெருங்கும். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள், போத்தல் நிற்கும் தண்ணீருக்குள் போடுங்கள்.

மூதூர் வாசகர்: விடியலில் கடற்கரையை f/22இல் எடுக்க வேண்டும். முக்காலி இல்லாமல் முடியாதா?

ஸ்பீட் கிராபிக் போன்ற பத்திரிகைக் கமராக்களைக் கையில் பிடித்தே எடுத்தார்கள். நீங்கள் கேட்பது விடியலில் f/22 கடற்கரைக் காட்சி, அதாவது மங்கல் வெளிச்சத்தில் லென்ஸ் துளையையும் மிகச் சிறிதாக்கி நெடுநேரம் திறந்து வைக்கும் வேலை. பாரமான முக்காலி வாங்குங்கள், வாடைக்காற்று பெலோஸைப் பாய்போல் பிடித்துத் தள்ளும். தம்பலகாமம் வாசகரே, டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா?