கிணற்றுக் கயிறு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது இருபத்தாறு. ஊர் இளவாலை, சுன்னாகத்தில் ஒரு வங்கியில் வேலை. ஞாயிறு பூசை, பாடகர் குழு, அயல் வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியம் எதையும் தவறவிடுவதில்லை. ஆனால் கோயில் படி இறங்கியதும் எல்லாரையும் போலத்தான் வாழ்கிறேன். மற்ற ஆறு நாளும் விசுவாசத்தை எப்படி வாழ்வது? அலுவலக மேசையில் மாதா படம் வைக்கலாமா? தினமும் வட்சப்பில் இறைவசனம் அனுப்புகிறேன், அது சாட்சியமாகுமா? பக்கத்து வீட்டில் வைரவர் பொங்கல் தந்தால் சாப்பிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்த வாரம் கோவாவிலிருந்து இங்கு வந்த குருவானவர் புனித யோசப் வாஸ் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்கமாட்டேன். மாதா படத்தை வையும், வைக்காமல் விடும், எனக்கு இரண்டும் ஒன்றுதான். வட்சப்பை மட்டும் நிறுத்தும். காலை ஐந்தரைக்கு ரோசாப்பூவோடு வந்து விழுகிற சங்கீதத்தை ஒருவரும் வாசிப்பதில்லை.

கோயிலுக்கு வெளியே எப்படி என்று கேட்கிறீர். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் எங்கள் சனத்துக்கு உள்ளே என்று ஓர் இடமே இருக்கவில்லை. குருமாரைத் துரத்தினார்கள், கோயில்களைத் தங்கள் புரட்டஸ்தாந்து சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 1687 இல், யோசப் வாஸ் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். பிச்சை போடுகிறவர்களில் எவருடைய கண் அந்த மாலையில் தங்குகிறது என்று பார்த்தார். கத்தோலிக்கர் யாரென்று அப்படித்தான் கண்டுபிடித்தார். அவர் தங்கியிருந்த சில்லாலை உமது வீட்டிலிருந்து சைக்கிள் ஓட்டும் தூரம். இன்று அதே மாலை ஓட்டோக் கண்ணாடியில் ஆடுகிறது. எவர் கண்ணும் அதில் தங்குவதில்லை.

சரி, அதை விடுவோம். உமது கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அதில் சாதி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவன் ஒருவன் கோயிலுக்கு வெளியே வாழ்வதைப் பற்றி எழுதி, அந்தச் சொல் வராமல் முடிப்பதற்கு நல்ல பழக்கம் வேண்டும். எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

என் அம்மம்மாவின் வளவில் துலாக் கிணறு இருந்தது. பனை சீவ வருகிறவரும் எங்கள் பங்குக் கோயில்காரர்தான். ஞாயிறு பூசையில் அம்மம்மாவுக்குப் பின்னால் நின்று அதே நற்கருணையை வாங்குவார். திங்கட்கிழமை தாகமென்றால் கிணற்றுக்கட்டுக்கு அப்பால், வாழையடியில் குந்தி, இரண்டு கையையும் சேர்த்து வாயோடு வைத்துக்கொள்வார். அம்மம்மா செம்பை உயரப் பிடித்து ஊற்றுவார். செம்பு கையில் படாது. ஒரு துளி வெளியே சிந்தாது, அவ்வளவு பழகிய கை.

அம்மம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. அந்த மனிதருக்குக் காய்ச்சல் என்றால் மல்லி அவித்துக் கொடுத்தனுப்புவார். அவருடைய மகளின் கலியாணத்துக்குத் தன் காப்பில் ஒரு சோடியைக் கழற்றிக் கொடுத்தார். கிணற்றுக் கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து மழைக்குள் வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நாங்களும் நடந்தோம். மூன்றாம் நாள் கொடிகாமத்துக்கு அருகே யாரோ ஒருவருடைய வளவு. நெற்றி நிறையத் திருநீறு பூசிய வீட்டுக்கார அம்மா, யார், எவர், எந்தக் கோயில் என்று ஒன்றும் கேட்காமல், வாளிக் கயிற்றை அம்மம்மாவின் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மம்மா கயிற்றைப் பிடித்தபடி அள்ளாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான்தான் வாங்கி அள்ளினேன். ஊர் திரும்பியபோது துலாவும் இருக்கவில்லை, சீவ வந்தவரும் இருக்கவில்லை. அம்மம்மா மாறினாரா என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று.

இப்போது வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தாங்கி. செம்பு போய்விட்டது என்று நினையாதேயும். பூசை முடிந்து வந்து ஞாயிறு பத்திரிகையில் மணமக்கள் பக்கத்தைத் திறந்து பாரும். ரோமன் கத்தோலிக்கர் என்பதற்கு ஆர்.சி. என்று போடுகிற எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும், நடுவில் ஒரு காற்புள்ளி கூட இராது. உமக்கும் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். தரகரிடம் கொடுத்த குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாரும். பேனையை எடுத்து அதை வெட்டிவிட்டு, அன்றிரவு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதும்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். என்னுடைய குறிப்பில் அந்தச் சொல் இருந்தது, தம்பி. நான் வெட்டவில்லை. எல்லாரையும் போலத்தான் வாழ்கிறேன் என்று ஒப்புக்கொள்ளவும் உமது வயதில் எனக்குத் தோன்றவில்லை.

வைரவர் பொங்கலைப் பற்றிக் கேட்டிருந்தீர். சூட்டோடு சாப்பிடும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டாம்.