தலைக்கு மேல் எடை தூக்குகிறவர்களின் தோள்: கேள்வி பதில்

ரங்கூனில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஜிம்முக்குப் போகிறார்கள். சில மாதத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் நிறைய. அப்படி என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தாம்வேயிலிருந்து ஒரு தம்பி, வயது 23: அண்ணே, ஷோல்டர் பிரஸ் (எடையைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது) செய்யும்போது கை பாதி உயரம் வந்ததும் வலது தோளில் சுருக்கென்று குத்துகிறது. அதைத் தாண்டி மேலே போய்விட்டால் வலி இல்லை. தொடரலாமா?

அதே எடையில் வேண்டாம் தம்பி. கை 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை ஏறும்போது மட்டும் குத்தினால், தோள் எலும்பின் கூரைக்கு அடியில் ஓடும் தசைநாண் நொந்திருக்க வாய்ப்பு அதிகம். முதலில் முழங்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டையும் பக்கவாட்டில் நேராக விரித்து வைத்திருப்பீர்கள். அங்கிருந்து ஏறக்குறைய 30 டிகிரி முன்னால் கொண்டுவாருங்கள். நேராகப் பார்த்து நிற்கும்போதே இரண்டு முழங்கையும் ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். அதுதான் அளவு.

இன்னொன்று. கை முழுதாக மேலே போக 180 டிகிரி என்றால், அதில் சுமார் 60 டிகிரி முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. "தோளைக் கீழே இறுக்கிப் பிடி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது படுத்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸுக்குச் சரி. தலைக்கு மேல் தூக்கும்போது அந்த எலும்பைப் பூட்டி வைத்தால் மூட்டுதான் அடிபடும். நண்பரை உங்கள் முதுகில் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டு, வெறும் கையை மெதுவாகத் தூக்குங்கள். பட்டை எலும்பின் கீழ்முனை அக்குள் பக்கம் நழுவிப் போவது அவர் கைக்குத் தெரிய வேண்டும். நழுவவில்லை என்றால் எடையைத் தொடாதீர்கள், முதலில் அந்த அசைவைப் பழகுங்கள்.

இரண்டு வாரம் பாதி எடையில், டம்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிப் பிடித்துச் செய்து பாருங்கள். அப்போதும் குத்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெகுவிலிருந்து: எங்கள் மாஸ்டர் பார்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கச் சொல்கிறார். செய்யலாமா?

தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிப் பாருங்கள். இடுப்பு தரையை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு தரையைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் அந்தப் பயிற்சி இப்போது உங்களுக்கு இல்லை. தொட்டாலும் நான் அதைக் கொடுப்பதில்லை. முன்னால் இறக்கினாலே தோளுக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடுகிறது. மாஸ்டரிடம் பணிவாகச் சொல்லுங்கள், கேட்பார்.

அவரே மறுபடியும்: எடை கூடக்கூட முதுகு பின்னால் வளைகிறது. பரவாயில்லையா?

இல்லை. எடை அதிகம் என்று உடம்பு சொல்கிறது. ஒலிம்பிக்கிலேயே பிரஸ் ஒரு போட்டியாக இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து தூக்கியதில் நடுவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வதே பெரும்பாடாகி, 1972 மியூனிக்கோடு அதை நிறுத்திவிட்டார்கள். புட்டத்தை இறுக்குங்கள், விலா எலும்பைக் கீழே வையுங்கள். அப்படியும் வளைந்தால் எடையைக் குறைப்பதுதான் வழி.

அரிசிக் கிட்டங்கியில் வேலை செய்பவர், வயது 35: நாள் முழுக்க 30 வீசை மூட்டை தூக்குகிறேன். சாயங்காலம் ஜிம்மிலும் தோளுக்குச் செய்யலாமா?

49 கிலோ மூட்டையை நாள் முழுக்கச் சுமக்கிற தோளுக்கு முதலில் ஓய்வு வேண்டும் அண்ணே. மூட்டை இறக்கிய நாளில் பிரஸ் வேண்டாம். வேலை இல்லாத நாளில் வெறும் பாரோடு இரண்டு செட் போதும். அதைவிட இழுக்கிற பயிற்சிதான் உங்களுக்கு முக்கியம். ஒரு செட் தள்ளினால் இரண்டு செட் இழுங்கள். மூட்டையை எப்போதும் ஒரே தோளில் போடுகிறீர்களா? மாற்றிப் போடுங்கள்.

வீட்டிலேயே செய்யும் தம்பி: 20 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கலாமா?

தலைக்கு மேல் வேண்டாம். உள்ளே தண்ணீர் அலம்பி, கை நடுவில் இருக்கும்போது ஒரு பக்கம் இழுத்துவிடும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தொடங்குங்கள். வீட்டில் தாத்தாவின் கரலாக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது. லேசானதை எடுத்து மெதுவாகச் சுற்றினால் அருமையான வார்ம்-அப்.

தன்லினிலிருந்து ஓர் அம்மா, வயது 54, சர்க்கரை உண்டு: கொண்டை போடக் கை பின்னால் போகவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. மகன் டம்பெல் தூக்கினால் சரியாகும் என்கிறான்.

டம்பெல்லைத் தொடாதீர்கள் அம்மா. இது தோள் இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதுவும் உங்கள் வயதில், அதிகம் வருவது. இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். பயந்து கையை அசைக்காமலே இருந்துவிடாதீர்கள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி வலிக்காத அளவுக்கு ஆட்டுங்கள்.

இடது தோள் வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, நெஞ்சோ தாடையோ இறுக்கினாலோ அது தோள் சங்கதி அல்ல. மகனை எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.