வாசகர் கேள்விகள்: வாய்க்குள் இருக்கும் புகையிலையை யார் கேட்பது?

கேள்வி: அரசு மருத்துவமனையில் மருத்துவர் என்னைப் பார்ப்பதே இரண்டு நிமிடம்தான். உணவு, நடைப்பயிற்சி பற்றியெல்லாம் எப்போது கேட்பது? (திண்டுக்கல்)

பதில்: இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்க முடியாது, ஒன்றைக் கேட்கலாம். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், நேற்றுக் காலை முதல் இரவு வரை உண்டவற்றை, டீயில் இட்ட சர்க்கரையும் தொட்டுக்கொண்ட ஊறுகாயும் உட்பட, ஒரு தாளில் எழுதி ஓ.பி. சீட்டுடன் நீட்டுங்கள். "இதில் எதை முதலில் குறைக்க வேண்டும்?" என்று கேட்டால், எவ்வளவு அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் ஏதாவது ஒரு வரியைச் சுட்டிக்காட்டிவிடுவார். அதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். சீட்டில் ஏறாத அறிவுரையை அடுத்த முறை யாரும் விசாரிப்பதில்லை.

கேள்வி: ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே இனிப்பையும் சோற்றையும் நிறுத்திவிடுவேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கிறது. மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. மூன்று நாள் பத்தியத்தால் நீங்கள் ஏமாற்றுவது ஆய்வகத்தை அன்று, உங்களையே. எச்.பி.ஏ1சி பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அதற்கு இந்தத் தந்திரம் செல்லாது. மேலும், சில மாத்திரைகளை வழக்கமான அளவில் விழுங்கிவிட்டுச் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்று இப்பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். ஆண்டுக்கணக்கில் ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கும் மருத்துவர் இதுவரை எதுவும் சொல்லாததால், "கெடுதல் என்றால் அவர் சொல்லியிருக்க மாட்டாரா?" என்கிறார். (விழுப்புரம்)

பதில்: இக்கடிதத்துக்காகவே காத்திருந்தேன் என்று சொல்லலாம். பெரும்பாலான மருத்துவமனைகளில் கேட்கப்படும் கேள்வி, "புகைப்பிடிப்பீர்களா?" என்பதுதான். அதுவும் ஆண்களிடம் மட்டும். உங்கள் மாமியாரிடம் கேட்டிருந்தாலும், அவர் முழு உண்மையோடு "இல்லை" என்றே சொல்லியிருப்பார். சீட்டிலும் அப்படியே பதிவாகியிருக்கும். கேட்க வேண்டியது, "புகையிலையை எந்த வடிவத்திலாவது பயன்படுத்துகிறீர்களா? வெற்றிலையோடு, பொடியாக, பாக்கெட்டில் வருவதாக?" என்பதாகும். மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லை. வெறும் பாக்கையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்திருக்கிறது.

கேட்டு என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு செய்தி. 1979-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், குடும்ப மருத்துவர்கள் ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டறிக்கையும் கொடுத்து, மீண்டும் விசாரிப்போம் என்று எச்சரித்து அனுப்பிய புகைப்பிடிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் ஓராண்டு வரை தொடாமல் இருந்தனர். எதுவும் சொல்லப்படாதவர்களில் அப்படி விட்டவர்கள் அநேகமாக இல்லை. ஐந்து பேர்தானா என்று கேட்கலாம். நாளொன்றுக்கு நூறு சீட்டுப் பார்க்கும் நம் ஊர் மருத்துவருக்கு அது சிறிய கணக்கன்று.

அடுத்த முறை மாமியாரோடு நீங்களும் உள்ளே சென்று, புகையிலைப் பழக்கத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்; வாயைத் திறந்து பார்க்கவும் கேளுங்கள். வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்துவதற்கு உதவ 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.

கேள்வி: சர்க்கரை "பார்டரில்" இருக்கிறது என்கிறார்கள். நடந்தால் மட்டும் போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: நடையோடு உணவும் மாற வேண்டும். உங்களைப் போன்ற ஐந்நூறு சொச்சம் பேரைச் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தோரில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். கடைக்குப் போய்வருவது இக்கணக்கில் சேராது. ஏற்கெனவே மாத்திரை எழுதித் தந்திருந்தால், இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு போட்டால் பி.பி. குறையுமா? (மதுரை)

பதில்: குறையாது. அதுவும் சோடியம்தான், அயோடின் கலந்ததும் அன்று. எந்த உப்பானாலும் நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அப்பளத்தையும் கருவாட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: பி.பி. அதிகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: வயது இல்லை, அளவு இல்லை, உண்ணும் மாத்திரையின் பெயரும் இல்லை. எதை வைத்துப் பதில் எழுதுவது? படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல், ஐந்து நிமிடம் அமர்ந்து, சட்டைக் கையை மேலேற்றி, இரண்டு முறை அளக்கச் சொல்லி, அந்த எண்களோடு எழுதுங்கள்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இனி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டுமா? (கிருஷ்ணகிரி)

பதில்: கட்டாயம் போக வேண்டும். 2021-இல் உங்கள் மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டம் உங்கள் பேருந்துச் செலவை மிச்சப்படுத்துகிறது. மருத்துவர் பார்க்க வேண்டியதை மிச்சப்படுத்தவில்லை. கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகளை எப்போது செய்ய வேண்டும் என்று அங்கே கேட்டுத் தேதியைச் சீட்டில் குறித்து வாருங்கள்.