ஹெல்டின் ஈட்டி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஈட்டி எறிதல் வீரர் பட் ஹெல்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 80 மீட்டரைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான், சரி. ஆனால் அந்த ஈட்டியை அவரும் அவர் சகோதரருமாகச் சேர்ந்து தங்களுக்குத் தோதாகச் செய்துகொண்டார்கள் என்றும் எழுதுகிறீர்கள். பிறகென்ன சாதனை? எறிந்தது கையா, ஈட்டியா? நீரஜ் சோப்ரா எல்லோரும் எறியும் ஈட்டியையே எறிந்து 90.23 தொட்டிருக்கிறார். இன்னொன்று: நான் கிராமத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியன். எங்களிடம் மூங்கில் ஈட்டிதான். அது போதுமா?

ம.

அன்புள்ள ம.,

எறிந்தது கைதான். புது ஈட்டி வந்தபிறகா ஹெல்ட் எறியக் கற்றுக்கொண்டார்? ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே 1948, 49, 50 என மூன்று வருடம் தொடர்ந்து அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் சறுக்கல். ஒன்பதாம் இடம். தங்கம் வாங்கிய சை யங், வெள்ளி வாங்கிய பில் மில்லர் இருவரும் அவர் நாட்டுக்காரர்களே. தோளில் கைபோட்டு ஒரே விமானத்தில் ஊர் திரும்புவது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஈட்டியின் முனை முதலில் தரையைத் தொட வேண்டும். படுத்தபடி விழுந்தால் கணக்கில் வராது. பழைய ஈட்டி உச்சிக்குப் போனதும் மூக்கைக் கவிழ்த்து இறங்கிவிடும். ஹெல்டும் அவர் சகோதரர் டிக்கும் தண்டை உள்ளே குடைந்து பருமனாக்கினார்கள். எடை அதே 800 கிராம், காற்றில் படும் பரப்பு கூடுதல். அது காற்றைத் தலையணையாக வைத்துக்கொண்டு மிதக்கும். அதனாலேயே சில நேரம் படுத்தே விழும். லாபத்தோடு ஆபத்தும் அதிலேயே இருந்தது.

1953 ஆகஸ்ட் 8, பாசடீனா: 80.41. ஃபின்லாந்தின் நிக்கானென் 1938இல் எறிந்த 78.70 அதுவரை அசையவில்லை. ஈட்டி என்றாலே ஃபின்லாந்துக்காரர்கள்தான். ஓர் அமெரிக்கர் இதில் உலக சாதனை வைத்தது அதுவே முதல் தடவை. 1955இல் மொடெஸ்டோவில் 81.75, அதே வருடம் பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம். 1956இல் காயம், மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அங்கே நார்வேயின் டேனியல்சன் எஃகு ஈட்டியால் 85.71 எறிந்தார். எஃகு ஈட்டி என்பதற்காக அவரைக் குறைத்துப் பேச யாருக்காவது மனம் வருமா?

ஏமாற்று என்றால் விதியை மீறுவது. ஹெல்டின் ஈட்டி அன்றைய விதிக்கு உட்பட்டது. தடிமனுக்கு வரம்பு பிறகுதான் வந்தது. அதே 1956இல் ஸ்பெயினின் எராவுஸ்கின் வட்டெறிதல்போலச் சுழன்று எறிந்தார். ஈட்டி எங்கே போகுமென்று யாருக்கும் நிச்சயமில்லை, அந்த முறையைத் தடை செய்துவிட்டார்கள். 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஹோன் 104.80 எறிந்ததும், 1986இலிருந்து ஆண்கள் ஈட்டியின் எடைமையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளினார்கள். நீரஜின் ஈட்டி அப்படி வேண்டுமென்றே சீக்கிரம் இறங்கச் செய்யப்பட்ட ஈட்டி. இரண்டு பேரையும் ஒரே நாடாவால் அளக்கும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. யாரோ செய்து கொடுப்பார்கள் என்று காத்திருக்காமல் தாங்களே மரத்தைக் குடைந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

மூங்கில் போதும். நானும் அதில்தான் எறிந்தேன். எறிந்த மூன்றும் படுத்து விழ, மாஸ்டர் "செல்லாது, செல்லாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது: பிடிக்கக் கயிறு சுற்றிய இடம் ஒன்று, ஈட்டி சமநிலையில் நிற்கும் இடம் இன்னொன்று. பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் உங்கள் ஆள்காட்டி விரல்மேல் கிடத்திப் பாருங்கள். கயிற்றை அவிழ்த்து, எங்கே நிற்கிறதோ அங்கே சுற்றுங்கள்.