‘மேலும்’ போட்டால் கட்டுரை மேலே போகுமா? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஒரு பகுதியை முடித்து அடுத்த பகுதிக்கு வாசகரை எப்படி அழைத்துப் போவது? மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயில் மலர் வேலை நடக்கிறது, ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வும் நெருங்குகிறது. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கோயில் மலரில் ஒவ்வொரு துணைத்தலைப்பின் கீழும் ‘இப்பகுதியில் இதைப் பற்றிக் காண்போம்’ என்று எழுதியிருக்கிறோம். சரிதானே ஐயா?
— ஆலய நிர்வாகக் குழுச் செயலாளர்

வேண்டாம். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட நாட்களுக்கு ‘ஜப்பான் காலம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இப்பகுதியில் ஜப்பான் காலத்தைக் காண்போம்’ என்றால் வாசகருக்குப் புதிதாக என்ன கிடைத்தது? நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று. அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையாது, அச்சுச் செலவு கொஞ்சம் குறையும்.

என் தோட்டத்தின் வரலாற்றை எழுதி வருகிறேன். கங்காணி காலம், ஜப்பான் காலம், அவசரகாலம், துண்டாடல், செம்பனை என்று ஐந்து பகுதி. இடையிடையே ‘காலச்சக்கரம் உருண்டோடியது’ என்று எழுதி இணைத்திருக்கிறேன். ஏனோ ஒட்டவில்லை.
— ஓய்வு பெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்)

ஒட்டாது. காலம் எல்லாத் தோட்டத்திலும்தான் உருண்டது. உங்கள் தோட்டத்தில் ஒன்று போய் இன்னொன்று ஏன் வந்தது என்பதுதான் இணைப்பு. அவசரகாலப் பகுதி முடிந்து துண்டாடலுக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். ‘அவசரகாலம் முடிந்தது. காலச்சக்கரம் உருண்டோடியது. துண்டாடல் வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது வந்தது என்று நினைப்பார். அது தப்பு. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948-ல் தொடங்கிய அவசரகாலம் 1960-ல்தான் நீக்கப்பட்டது. துண்டாடல், அதாவது தோட்டங்களைக் கூறு போட்டு விற்பது, ஐம்பதுகளிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆகவே இப்படி எழுதலாம்: ‘அவசரகாலம் முடியுமுன்பே வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள்.’ ஒரே வரி. முந்திய பகுதியும் அதில் இருக்கிறது, அடுத்த பகுதியும் இருக்கிறது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏன் தொடங்கினார் என்பதற்கும் அதுவே வாசல். சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ‘மேலே கூறியது போல’ என்று, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலைக் குறிப்பிடுகிறீர்கள். அது ஏழெட்டுப் பக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. ‘ஜப்பான் காலத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திய அதே பெரட்டுத் திடல்’ என்றால் யாரும் பக்கம் புரட்ட வேண்டியதில்லை. அப்புறம், ‘பின்னர் விளக்குகிறேன்’ என்று மூன்று இடத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், இரண்டைத்தான் காப்பாற்றியிருக்கிறீர்கள். தோட்ட மேற்பார்வையாளான தண்டலின் வழக்கு என்ன ஆயிற்று? ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ இரண்டையும் நன்னூல் முப்பத்திரண்டு உத்திகளில் சேர்த்திருக்கிறது. பின்னால் சொல்வோம் என்பது ஒன்று, முன்பே சொன்னோம் என்பது மற்றது. முதலாவதைப் போட்டால் பென்சிலால் ஓரத்தில் குறித்துவையுங்கள், சொல்லி முடித்ததும் அடியுங்கள்.

(கைப்பேசியில் பதினான்கு படங்கள். கூடவே: ‘சார், ஓகேவா?’)

எது ஓகேவா? நான்கு படம் தலைகீழாக இருக்கிறது, பக்க எண் இல்லை, கேள்வியும் இல்லை. தட்டச்சு செய்து, எந்த இடத்தில் சந்தேகம் என்று கோடிட்டு அனுப்பவும்.

டியூஷனில் ‘இணைப்புச் சொற்கள்’ என்று நாற்பது சொல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பத்தியையும் இவற்றில் ஒன்றைக் கொண்டுதான் தொடங்க வேண்டுமாம். மகன் ராத்திரியெல்லாம் ‘மேலும், தொடர்ந்து, இதனைத் தவிர்த்து, அதுமட்டுமின்றி’ என்று மந்திரம் போல் சொல்கிறான். இது தேவையா?
— ஐந்தாம் படிவ மாணவனின் தாயார்

அம்மா, இந்தப் பட்டியலோடு எனக்குப் பழைய பகை. இடம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

சொற்களின் மேல் குற்றமில்லை. அவற்றுக்குப் பொருள் உண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்காமல், மாற்றி மாற்றிப் போட்டால் போதும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் கோளாறு. வாசிப்புப் பழக்கம் பற்றிய கட்டுரைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பாணி இது:

‘வாசிப்பு அறிவை வளர்க்கும். மேலும், மாணவர்கள் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கின்றனர். ஆகவே, புத்தக விலை அதிகமாக உள்ளது. இதனைத் தவிர்த்து, நூலகம் தொலைவில் உள்ளது.’

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கைப்பேசியால் புத்தக விலை ஏறியது என்கிறது இந்தப் பத்தி! ‘ஆகவே’ என்றால் முன்னது காரணம், பின்னது விளைவு. ‘மேலும்’ என்றால் சொன்னதற்கு ஆதரவாக இன்னொன்று வருகிறது. இங்கே வந்ததோ அதற்கு நேர் எதிரான சங்கதி. தோட்ட முச்சந்தியில் ‘மூன்றாம் டிவிஷன்’ என்று பலகை நட்டுவிட்டு, அந்தப் பக்கம் பாதையே வெட்டாமல் விட்ட கதைதான். மகனிடம் இதைக் காட்டுங்கள்:

‘வாசிப்பு அறிவை வளர்க்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் வாசிப்பதில்லை. கையில் எந்நேரமும் கைப்பேசி இருப்பது ஒரு காரணம். புத்தக விலை இன்னொன்று. நூலகம் போக வேண்டுமானால் பட்டணத்துக்கு பஸ் ஏற வேண்டும்.’

இணைப்புச் சொல் என்று பார்த்தால் ‘ஆனால்’ ஒன்றுதான். மற்ற வேலையை ‘ஒரு காரணம்’, ‘இன்னொன்று’ என்பவை செய்துவிடுகின்றன. கடைசி வரிக்கு அதுவும் தேவைப்படவில்லை, வரிசையே போதும்.

எழுதி முடித்ததும் பத்தித் தொடக்கச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தொடர்ச்சி அப்படியே இருந்தால் அவை தேவையில்லை. எங்கே தடுக்கிறதோ அங்கே மட்டும், எதனால் தடுக்கிறது என்று யோசித்து, பொருத்தமான சொல்லைப் போடட்டும். எங்கு பார்த்தாலும் தடுக்கிறது என்றால் பத்திகளின் வரிசை தப்பு. அதற்கு நாற்பது என்ன, நானூறு சொல் கொடுத்தாலும் மருந்தில்லை. முதலில் வரிசையை மாற்ற வேண்டும்.

டியூஷன் ஆசிரியர் கோபிப்பாரா? கோபிக்கட்டும். அந்தப் பட்டியலில் ‘ஆனால்’ இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும். பேச்சிலும் இதே விதிதானா?

இல்லை. கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால் பேச்சில் வழிகாட்டும் வரிகள் கூடுதலாகவே இருக்கலாம். ‘மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்’ என்று தொடங்கி, ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லுங்கள். மூன்று என்றால் மூன்றுதான். ‘இறுதியாக’ என்பதை ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். இரண்டாவது ‘இறுதியாக’வுக்கு முன்வரிசை மீ கோரிங் பக்கம் எழுந்து போயிருக்கும்.

முன்னுரையிலேயே எல்லாப் பகுதிகளையும் வரிசையாகச் சொல்லலாமா?
— கல்லூரி மாணவி

முப்பது நாற்பது பக்க ஆய்வேடு என்றால் சொல்லுங்கள், வாசகர் நன்றி சொல்வார். நான்கு பக்கக் கட்டுரைக்கு வேண்டாம். பட்டியலைப் படிக்கும் நேரத்தில் கட்டுரையையே படித்துவிடலாம். சொன்ன வரிசையும் உள்ளே இருக்கும் வரிசையும் ஒன்றா என்று கடைசியில் சரிபாருங்கள்.

‘இனி’ என்ற ஒரே சொல்லால் புதிய பகுதியைத் தொடங்கினால் வறட்சியாக இருக்காதா?

இருக்காது. பழைய உரையாசிரியர்கள் ‘இனி’யை வைத்தே அடுத்த பொருளுக்குத் தாண்டியிருக்கிறார்கள். பரிமேலழகரின் திருக்குறள் உரையைப் பாருங்கள். ‘அஃதாவது’ என்று அதிகாரத்தை இரண்டொரு வரியில் அறிமுகப்படுத்துவார். அது முந்திய அதிகாரத்தை அடுத்து ஏன் வந்தது என்பதையும் பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடுவார். அந்தச் சிக்கனம் நமக்கு வந்தால் போதும்.

‘மேலும்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி கட்டாயமா?

இல்லை. வகுப்பில் ஆசிரியர் கேட்டால் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த ‘மேலும்’ வேண்டுமா என்று ஒரு தடவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.