கடலோவியத்தில் அரசியல்

கேள்வி: உணர்ச்சிக்கும் இயற்கையின் ஆற்றலுக்கும் முதன்மை தந்த ரொமான்டிக் காலத்து (19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) ஐரோப்பியக் கடலோவியங்களில் அரசியல் இருப்பதாக விமர்சகர்கள் எழுதுகிறார்கள். அலையையும் புயலையும் வரைந்த ஓவியர்கள்மீது பின்னால் வந்தவர்கள் ஏற்றிய பொருள் அல்லவா இது?

பதில்: பல ஓவியங்களைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ ஓவியத்தில் அரசியலைக் கண்டுகொள்ள அக்காலப் பாரிஸ் மக்களுக்கு எந்த விமர்சகரின் உதவியும் தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் திருப்பித் தந்த செனகலைப் பொறுப்பேற்கச் சென்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலான மெடூசா, 1816 ஜூலை 2 அன்று மொரிட்டேனியக் கரைக்கு அப்பால் மணல்திட்டில் தரைதட்டியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கப்பல் செலுத்தாத ஒருவர், மன்னராட்சிக்கு விசுவாசமானவர் என்பதற்காகவே அதன் தலைவராக்கப்பட்டிருந்தார். படகுகள் போதாததால் மரங்களைப் பிணைத்துச் செய்த தெப்பத்தில் ஏறத்தாழ 150 பேர் ஏற்றப்பட்டார்கள்; அதை இழுத்துச் செல்ல வேண்டியவர்களோ கயிற்றை விட்டுவிட்டுத் தங்கள் படகுகளில் கரைநோக்கிப் போய்விட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர் மட்டுமே. அவர்களில் ஒருவரான மருத்துவர் சவிஞியின் அறிக்கை செய்தித்தாளில் வெளியானபோது, நெப்போலியனுக்குப் பின் மீண்டும் அரியணை ஏறியிருந்த பூர்பன் மன்னர்குல அரசுக்கு அது பெரும் தலைக்குனிவாயிற்று.

பாரிஸில் அரசு நடத்திய சலோன் ஓவியக் கண்காட்சியில், 1819ஆம் ஆண்டில், ‘கப்பல் உடைந்த காட்சி’ என்ற பொதுப்பெயரோடுதான் இந்த ஓவியம் வைக்கப்பட்டது. எந்தக் கப்பல் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. என்னைக் கேட்டால், கப்பல்தலைவர் மீதான கண்டனத்தைவிட ஓவியத்தின் அளவே துணிச்சலானது. ஏறக்குறைய 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட திரை, மன்னர்களுக்கும் போர்வெற்றிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்ட காலத்தில், ஜெரிக்கோ அதைக் கைவிடப்பட்ட சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் கொடுத்தார். அந்த மனிதக் குவியலின் உச்சியில் நின்று தொலைவிலுள்ள கப்பலை நோக்கித் துணியை வீசுபவர் ஒரு கறுப்பினத்தவர். அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்துவிட்டு நடைமுறையில் பிரான்ஸ் கண்டுகொள்ளாமல் இருந்த ஆண்டுகள் அவை என்பதால், அவரை அங்கே நிறுத்தியது வெறும் அழகியல் முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஆங்கிலேய ஓவியர் டர்னரின் ‘அடிமைக் கப்பல்’ ஓவியத்தையும் இப்படிப் பார்க்கலாமா? அதில் வண்ணமே மேலோங்கி நிற்கிறதே.

பதில்: பார்க்கலாம், ஆனால் சற்றுத் தயக்கத்தோடு. 1781இல் ‘சாங்’ என்ற கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட அடிமைகள் கடலில் வீசப்பட்டதும், அவர்களைச் சரக்காகக் கணக்கிட்டு உரிமையாளர்கள் காப்பீட்டுத் தொகை கோரியதும் இதன் பின்னணி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இலண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடிய 1840ஆம் ஆண்டிலேயே இது காட்சிக்கு வந்தது. செந்நிற வானத்தில் மயங்கிய கண், வலதுபுறக் கீழ்மூலையில் மீன்கள் சூழ நீருக்கு மேலே நீண்டிருக்கும் விலங்கிட்ட காலைத் தாமதமாகத்தான் காண்கிறது. அந்தத் தாமதம் பார்ப்பவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குகிறதா, அல்லது கொலையை அழகாக்கி விடுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பின்னாளில் இந்த ஓவியத்தின் உரிமையாளரான ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், அதன் கடலையும் ஒளியையும் பக்கம் நிறையப் புகழ்ந்தார். அது அடிமைக் கப்பல் என்பதை அடிக்குறிப்பில் சொன்னார். டர்னரும் 1805இல் ஜமைக்காவில் அடிமை உழைப்பால் நடந்த ஒரு கால்நடைப் பண்ணையில் முதலீடு செய்தவர்தான். இதனால் ஓவியத்தின் கண்டனம் பொய்யாகிவிடாது என்றாலும், அவரைத் தொடக்கத்திலிருந்தே அடிமை முறையின் எதிர்ப்பாளராகச் சித்திரிப்பவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை.